கதாநாயகன் கதவை உடைக்க வேண்டாம்

கேள்வி: வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு ஸ்தோத்திரம். நாசரேத் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆச்சி சொன்ன டோனாவூர் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். எங்கள் வட்டாரத்தில் வெளிவரும் கிறிஸ்தவ மாத இதழ் ஒன்றுக்குக் காதலும் திகிலும் கலந்த தொடர்கதை எழுதி வருகிறேன். கதாநாயகிக்கு 17 வயது. வீட்டு வேலை என்று ஏமாற்றி அவளை மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதியான காமாத்திபுராவில் விற்றுவிடுகிறார்கள். சபை வாலிபர் சங்கத்தில் கிதார் வாசிக்கும் கதாநாயகன் வாடிக்கையாளர் வேடத்தில் உள்ளே போய், கதவை உடைத்து, அடியாட்களை வீழ்த்தி அவளை மீட்டு வருகிறான். ஊர் திரும்பும் ரயிலில் அவள் இயேசுவை ஏற்றுக்கொள்கிறாள். அங்கேயே அவன் மோதிரம் அணிவிக்கிறான். கன்வென்ஷன் என்ற பெரிய நற்செய்திக் கூட்டத்தின் மேடையில் அவள் சாட்சி சொல்கிறாள், அடுத்த வாரம் திருமணம். நம்பும்படியாக இல்லை என்கிறார் இதழாசிரியர். காதல் பகுதி உறுத்துகிறது என்கிறார் எங்கள் போதகர். ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கே பிழை? இன்னொன்று. இந்தக் கதை தோன்றியதற்கு எங்கள் தெருப் பெண் ஒருத்திதான் காரணம். 19 வயது. ஓர் ஏஜெண்டுடன் வேலைக்குப் போனவள் இரண்டு மாதமாகத் தொலைபேசியை எடுப்பதில்லை.
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிதான் முதலில் வந்திருக்க வேண்டும். அதற்கான பதிலைக் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். கதை கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அந்தப் பெண்ணின் தாயோ தகப்பனோ உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். பெண்ணைக் காணவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. ஏஜெண்டின் பெயர், அவனுடைய எண், அவனை வீட்டுக்கு அழைத்து வந்தவர் யார், எந்தத் தேதியில் எந்த ரயிலில் ஏறினாள், கடைசி அழைப்பு எந்த எண்ணிலிருந்து வந்தது, முன்பணம் ஏதாவது கைமாறியதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏமாற்றி அழைத்துப் போயிருக்கிறார்கள் என்ற சந்தேகத்தை வெளிப்படையாக எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் அது காணாமல்போனவர்கள் கோப்பில் தூங்காமல் ஆள் கடத்தல் கோணத்தில் விசாரிக்கப்படும். 'மும்பையில் நடந்ததற்கு மும்பைக்குப் போங்கள்' என்று அனுப்பிவிட நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், ஆளை நேரில் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனு போடலாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தை என்றால் 1098, உடனடி ஆபத்து என்றால் 112.

அண்ணன்காரன் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மும்பை ரயிலில் ஏறக் கூடாது. ஏஜெண்டைக் கூப்பிட்டு மிரட்டவும் கூடாது. இங்கே சத்தம் போட்ட அன்று இரவே அங்கே பெண்ணை இடம் மாற்றிவிடுவார்கள். அவளுடைய படத்தை வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவதும் வேண்டாம். திரும்பி வந்து அதே தெருவில் வாழ வேண்டியவள் அவள்.

இனி கதை.

வயதிலிருந்து தொடங்குகிறேன். வாசகர்களுக்கு இரக்கம் சுரக்கட்டும் என்று 17 போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு எண் உங்கள் கதை முழுவதையும் கவிழ்த்துவிடுகிறது. 17 வயதுப் பெண்ணை மீட்டால் அவளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். எங்கே தங்குவாள், யாரிடம் போவாள் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குழு. உங்கள் கதாநாயகன் யாரிடமும் சொல்லாமல் அவளை ரயில் ஏற்றினால், வில்லன் தரப்பு அவன் மேலேயே கடத்தல் புகார் கொடுக்கலாம், அதற்கு ஆதாரமும் அவனே வாங்கிய டிக்கெட்டாக இருக்கும். அடுத்த வாரம் நடக்கும் திருமணமோ குழந்தைத் திருமணம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி மணமகன் மட்டுமல்ல, நடத்திவைப்பவரும் குற்றவாளி. உங்கள் போதகருக்கு உறுத்தியதில் தற்காப்பு உணர்வும் கொஞ்சம் கலந்திருக்குமோ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வயதை 21 ஆக்குங்கள். வில்லனுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்பதற்காக 17 வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்த வீட்டிலேயே வேறொரு சிறுமியை வையுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவரைக் கடத்தி விற்றால் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவில் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரையிலும் போகலாம். அந்தச் சிறுமி சம்மதித்தாள் என்ற வாதம் அங்கே செல்லாது.

அடுத்தது கதவு. உங்கள் எட்டாவது அத்தியாயத்தில் அது மூன்று உதையில் விழுகிறது. உண்மையில் கதவைத் தட்டினாலே திறந்துவிடுவார்கள், கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் என்று 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி சோதனை நடத்துபவர் இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத சிறப்புக் காவல் அதிகாரி. உடன் இரண்டு பெண் காவலர்களாவது போக வேண்டும். கண்ணியமான இருவர் சாட்சிகளாக இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் வேடத்தில் போகிறவரிடம் கொடுக்கும் ரூபாய் நோட்டுகளின் எண்களை ஒவ்வொன்றாகப் சாட்சிகள் முன் எழுதும் பதிவான பஞ்சநாமாவில் எழுதுவார்கள். ஒரு எண் தப்பாக எழுதப்பட்டால் நான்கு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டு வழக்கையே ஆட்டுவார். கிதார் வாசிக்கும் விரல்களால் அந்த நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, வெளியே காத்திருக்கும் வண்டிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டிய பையனை யோசித்துப் பாருங்கள். அவன் கை நடுங்கினால் போதும். அதைவிடப் பெரிய திகில் வேண்டுமா?

தொண்டு நிறுவனத்தின் சார்பில் நான் உடன் போன ஒரு சோதனையை மறக்க முடியவில்லை. உள்ளே ஏழு பெண்கள் இருந்தார்கள். வயதுச் சான்றுகள், வாடகை ரசீது என்று கேட்டதையெல்லாம் கர்வாலி எடுத்து நீட்டினாள். வீட்டை நடத்துபவளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் வருவது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் கிளம்பத் தயாரானார். ஒரு பெண் காவலர் தண்ணீர் குடிக்கச் சமையல் மூலைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். மேடை மேல் இரவுச் சாப்பாடு முடிந்து கழுவிக் கவிழ்த்த தட்டுகள் இருந்தன. எண்ணினார். பதினொன்று. பிறகு அவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு பரணுக்கு மரப் பலகை அடித்து, அதன் மேல் சுவருக்குப் பூசிய அதே பச்சை வண்ணத்தைப் பூசியிருந்தார்கள். நான்கு பேர் மேலே படுத்திருந்தார்கள், ஒருத்தி வாயில் துணியைத் தானே கடித்துக்கொண்டு.

இறக்கியதும் அவர்கள் எங்கள் காலில் விழுந்து அழுதார்கள் என்றுதானே எழுதுவீர்கள்? அவர்களில் 22 வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி என் கையைக் கடித்தாள். மேலே அவளுடைய பை இருந்தது. இரண்டு வருடத்தில் எப்படியோ மறைத்துச் சேர்த்த காசு ஒரு பவுடர் டப்பாவுக்குள் இருந்தது. அதை எடுக்க விடாமல் வண்டியில் ஏற்றினால் எங்களுக்கும் அவளை அங்கே கொண்டுவந்தவனுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்கவில்லை, கடித்தாள். இந்தப் பெண் பிறகும் வருவாள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

உங்கள் கதையில் மீட்கப்பட்ட எல்லாரும் கைகோத்துப் பாட்டுப் பாடுகிறார்கள். ஒருத்தியாவது திட்ட வேண்டாமா? தன் விருப்பத்தில் பாலியல் தொழிலில் இருக்கும் வயதுவந்த பெண்ணைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் உத்தரவிட்டது. விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் அடைத்து வைக்கப்பட்ட வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்கவும் சொன்னது. விற்கப்பட்டவளையும் அப்படி அல்லாதவளையும் ஒரே வண்டியில் ஏற்றி, இருவரையும் 'மீட்டுவிட்டோம்' என்று சொல்கிற தவறு எங்கள் துறையில் நிறைய நடந்திருக்கிறது. உங்கள் கதாநாயகன் அதில் ஒருமுறை சறுக்கட்டும். அவன் மேல் எனக்கு நம்பிக்கை வரும்.

ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களில் உங்கள் கதாநாயகி அழுவதைத் தவிர என்ன செய்கிறாள்? டோனாவூரைச் சொன்னதால் கேட்கிறேன். டோனாவூரில் குழந்தைகளைக் காத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேலின் பணியைத் திசை திருப்பியதே 1901இல் அவரிடம் வந்து சேர்ந்த பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி. கோயிலுக்கு ஒப்படைக்கப்பட்ட பிள்ளை. அதற்கு முன்பும் ஒருமுறை தப்பி ஓடித் தாயிடம் போய், பிடிபட்டு, கையில் சூடு வாங்கியவள். மறுபடியும் ஓடினாள். யாரும் அவளுக்காகக் கதவை உடைக்கவில்லை. வழியில் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி கண்டு அழைத்துவந்தார், ஏமி மடியில் ஏற்றிக்கொண்டார். இப்படிப் பெண்பிள்ளைகளைக் கோயிலுக்கு ஒப்படைக்கும் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கு வருவதற்கு 1947 ஆயிற்று. அந்தக் குழந்தை அதற்காகக் காத்திருக்கவில்லை. நீங்கள் ஆச்சியிடம் கேட்ட கதையில் மிகப் பெரிய தைரியசாலி அந்தச் சிறுமி. உங்கள் நாவலில் அவளுடைய இடம் காலியாக இருக்கிறது.

இப்போது, நீங்கள் எழுதாமல் தாண்டிவிட்ட பகுதிக்கு வருகிறேன். சோதனை முடிந்த இரவுக்கும் ஊர் ரயிலுக்கும் இடையே நீங்கள் ஒரு பத்தி இடைவெளி மட்டும் விட்டிருக்கிறீர்கள். அந்த இடைவெளிக்குள் என் வாழ்க்கையில் பாதி கழிந்திருக்கிறது. மீட்கப்பட்ட பெண்ணை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவளுடைய வயது, குடும்பம், வீட்டுக்கு அனுப்பினால் பாதுகாப்பாக இருப்பாளா என்பதையெல்லாம் விசாரிக்கும் வரை அவளைக் காவலில் வைக்கலாம், மூன்று வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணைக்குப் பிறகு தேவை என்று கருதினால் பாதுகாப்பு இல்லத்தில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வைக்க உத்தரவிடலாம். அந்த மூன்று வாரம்தான் வில்லனுக்கும் கிடைத்த அவகாசம்.

அவன் அரிவாளோடு வர மாட்டான். ஒரு தாயையும் தகப்பனையும் அனுப்புவான். கையில் குடும்ப அட்டை, கண்ணில் கண்ணீர், கூடவே ஒரு வழக்கறிஞர். அதே வழக்கறிஞர்தான் மறுபக்கம் கர்வாலிக்கும் ஜாமீன் மனு போட்டிருப்பார். இது கற்பனை அல்ல. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஆஜராகும் வழக்கறிஞர் மீட்கப்பட்ட பெண்களுக்காகவும் ஆஜராகக் கூடாது என்று 2002இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவே போட வேண்டியிருந்தது. நான் பார்த்த ஒரு 'தாய்' எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர், தம்பியின் வகுப்பு, வீட்டுப் பின்னால் நிற்கும் முருங்கை வரை. அந்தப் பெண் தனிமையில் புலம்பியதையெல்லாம் கர்வாலி காது கொடுத்துக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்தாள். பெண்ணோ பயத்தில் 'அம்மாதான்' என்று தலையாட்டிவிட்டாள். எனக்குச் சந்தேகம் வந்தது ஒரே இடத்தில். ஏழு மாதம் கழித்து மகளைப் பார்க்கிற அந்தத் தாய் மகளைத் தொடவே இல்லை. அவள் பார்வை வழக்கறிஞரை விட்டு அகலவில்லை. மாஜிஸ்திரேட்டிடம் ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கினோம். உண்மையான தாய் ஆறாம் நாள் ரயிலில் வந்து இறங்கினாள். அவளுக்கு முருங்கை பற்றிய கேள்வி கேட்க வேண்டியே இருக்கவில்லை. சண்டைக் காட்சிக்கு ஒதுக்கிய மூன்று அத்தியாயங்களை இந்த ஒரு வாரத்துக்குக் கொடுத்துப் பாருங்கள்.

சொந்த வீடே கதவைச் சாத்துவதும் உண்டு. 1996 பிப்ரவரியில் மும்பையில் பெரிய அளவில் சோதனைகள் நடந்து நூற்றுக்கணக்கான பெண்கள் மீட்கப்பட்டார்கள். அவர்களில் இருந்த நேபாளப் பெண்களைத் திரும்ப ஏற்க அவர்கள் நாட்டு அரசே தயங்கியது. மாதக்கணக்கில் காப்பகங்களில் கிடந்த பிறகு தொண்டு நிறுவனங்கள்தான் அழைத்துச் சென்றன. அப்படித் திரும்பியவர்களில் சிலர் சேர்ந்து சக்தி சமூஹா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தாங்கள் விற்கப்பட்டவர்கள் என்பதை மறைக்காமல், விற்கப்பட்டவர்களே நடத்தும் அமைப்பு. 2013இல் அதற்கு ராமன் மகசேசே விருது கிடைத்தது. உங்கள் கதாநாயகியின் இரண்டாம் பாகத்துக்கு இதில் ஒரு விதை இருக்கிறது.

வேதாகமத்திலும் இதே இடைவெளி இருப்பதை ஞாயிறு பள்ளியில் எனக்கு யாரும் காட்டவில்லை. அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் ஆவி பிடித்த ஓர் அடிமைப் பெண். அவளை வைத்து எஜமான்கள் சம்பாதிக்கிறார்கள். பவுல் ஆவியைத் துரத்துகிறார். வருமானம் போனதும் எஜமான்கள் பவுலையும் சீலாவையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அடி, சிறை, நள்ளிரவுப் பாட்டு, பூமியதிர்ச்சி, சிறைச்சாலைக்காரனின் மனமாற்றம் என்று கதை ஓடுகிறது. அந்தப் பெண் என்ன ஆனாள்? லூக்கா ஒரு வரிகூடச் சொல்லவில்லை. குறிசொல்லத் தெரியாத, இனிப் பயன்படாத அடிமையை அந்த எஜமான்கள் அன்று இரவு என்ன செய்திருப்பார்கள்? நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. நீங்கள் கிறிஸ்தவக் கதை எழுதுவதானால், லூக்கா விட்ட இடத்திலிருந்து எழுதுவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காதலுக்கு வருவோம். உங்கள் போதகருக்கு உறுத்தியது என்ன என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். மீட்பது என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது அடகுக் கடை. வட்டி கட்டி நகையை மீட்டவர் கழுத்தில் அந்த நகை ஏறும், அதில் யாரும் குறை காண மாட்டார்கள். உங்கள் கதாநாயகன் அந்தப் பெண்ணை மீட்டதும் அப்படித்தான் இருக்கிறது. 12ஆம் அத்தியாயத்தில் மீட்கிறான், 13இல் மோதிரம். நடுவில் அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை, எங்கும் தனியாகத் தூங்கவில்லை, ஒரு கடைக்குப் போய்த் தன் காசில் ஒரு சோப்பு வாங்கவில்லை. அவனுக்கு முடியாது என்று சொன்னால் அந்த ரயிலிலிருந்து இறங்கி எங்கே போவாள்? இறங்கிப் போக இடம் இல்லாதவள் சொல்லும் சம்மதத்தை வைத்துக் காதல் கதை எழுத முடியாது. அதே பெட்டியில் அவள் இயேசுவை ஏற்றுக்கொள்வதையும் இதனால்தான் என்னால் நம்ப முடியவில்லை. உயிரைக் காப்பாற்றியவன் சொல்வதையெல்லாம் அவள் ஏற்றுக்கொள்வாள். ஒரே கதையில் இரண்டு இரட்சகர்களை வைத்தால் கிதார் வாசிப்பவன்தான் ஜெயிக்கிறான். இது உங்களுக்கே சம்மதமாக இருக்காது.

வேதாகமத் தீர்க்கதரிசி ஓசியாவைக் காட்டிப் பதில் எழுதுவீர்கள் என்று தெரியும். பதினைந்து வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து ஓசியா மீட்டது, ஏற்கெனவே தனக்கு மனைவியாக இருந்தவளை என்றுதான் நாம் வழக்கமாகப் படிக்கிறோம். உங்கள் கதைக்கு, அந்நிய நாட்டு விதவையான ரூத்தின் புத்தகம் இன்னும் நெருக்கம். அவள் கதிர் பொறுக்க வந்த வயலின் சொந்தக்காரன் போவாஸ் அவளுக்கு உணவு கொடுக்கிறான், வேலைக்காரர்கள் அவளைத் தொடக் கூடாது என்று கட்டளையிடுகிறான், அறுவடை முடியும் வரை வேறெதையும் கேட்கவில்லை. களத்தில் முதலில் வாய் திறந்து கேட்பவள் ரூத். அப்போதும் அவன், தன்னைவிட நெருங்கிய சுதந்தரவாளி, அதாவது அவளை மீட்கும் உரிமை உள்ள உறவினன், ஒருவன் இருக்கிறான் என்று சொல்லி, விடிந்ததும் பட்டணத்து வாசலில் போய் உட்கார்ந்து, பத்து மூப்பரைக் கூட்டி, முறைப்படி பேசி, மற்றவன் பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்த பிறகே அவளை மணக்கிறான். ஒரு வழக்கறிஞராக எனக்கு அந்த நான்காம் அதிகாரம் மிகவும் பிடிக்கும். காதல் கதையின் உச்சக்கட்டத்தில் ஒரு பத்திரப் பதிவு!

மீட்புப் பணியில் இருப்பவர்கள் தங்கள் பராமரிப்பில் இருக்கும் பெண்ணோடு காதல் உறவு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் துறையின் முதல் விதிகளில் ஒன்று. இதில் வழக்குச் சிக்கலும் உண்டு. வேடமிட்டுப் போனவன் அரசுத் தரப்புச் சாட்சி. அவனே அவளுடைய கணவனும் ஆகிவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அன்று பண்டிகை. 'காதலித்த பெண்ணை அடைவதற்காக ஜோடித்த வழக்கு, ஐயா' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

சாட்சி என்ற சொல்லைச் சபையும் நீதிமன்றமும் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. நீங்கள் கதாநாயகியைக் கன்வென்ஷன் மேடையில் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்கிறீர்கள். பத்தாயிரம் பேர் முன் அவள் முகம், அவள் ஊர், அவளுக்கு நடந்தது எல்லாம் வெளியாகிறது. வன்புணர்வுக்கு ஆளானவரின் அடையாளத்தை, அவரே எழுத்து மூலம் சம்மதித்தால் ஒழிய, அச்சிட்டு வெளியிடுவது குற்றம்; பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. சட்டத்தை விடுங்கள், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டின் மைத்துனன் என்ன செய்வான் என்று யோசித்தீர்களா? வழக்கு முடியும் முன் மேடையில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எதிர்த்தரப்பு ஒலிப்பதிவாகக் கொண்டுவந்து, நீதிமன்றத்தில் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். மேடையில் கண்ணீரோடு 'மூன்று வருடம்' என்றவள் கூண்டில் 'இரண்டரை வருடம்' என்றால் தொலைந்தாள். சில சபைகள் இப்படிப் பெண்களை ஊர் ஊராக மேடையேற்றுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

பவுடர் டப்பாப் பெண்ணுக்கு வருகிறேன். அவளை மீட்ட சோதனையில் வேடமிட்டுப் போனவன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். நல்லவன். அவள் தமிழ்நாட்டுக் காப்பகம் ஒன்றுக்கு மாற்றப்பட்ட பிறகு ஞாயிறுதோறும் வந்தான், பழம் கொண்டுவந்தான். நான்காம் மாதம் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னான். அவளும் சரி என்றாள். காப்பகத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி, எந்தப் புடவை என்பது வரைக்கும் பேச்சு நடந்தது. நான் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எப்படி அக்கா வேண்டாம் என்று சொல்வது? அவர்தானே கொண்டுவந்தார்?"

ஓராண்டு அவளை வந்து பார்க்கக் கூடாது என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு என் மேல் வருத்தம். ஆனாலும் வரவில்லை. அவள் தையல் கற்று, திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு தோழிகளோடு அறை எடுத்துத் தங்கினாள். ஓராண்டு கழிந்து அவன் ஒரு கடிதம் எழுதினான், ஒரே ஒரு கடிதம். 'உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது, மன்னியுங்கள்' என்று அவள் பதில் எழுதினாள்.

மும்பையில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது சோதனை நடந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவனுக்கும் சம்மன் போனது. வராமல் இருக்க ஆயிரம் காரணம் சொல்லலாம், பலர் சொல்வார்கள். அவன் விடுப்பு எடுத்து, ஒன்றரை நாள் ரயிலில் வந்தான். குறுக்கு விசாரணை இரண்டு மணி நேரம் நடந்தது. நோட்டு எண்கள், மணி, வாசல் எந்தத் திசை எல்லாம் கேட்டுவிட்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கடைசியாக வைத்திருந்ததை எடுத்தார்: "இந்தப் பெண்ணை நீங்கள் காதலித்தீர்கள், உண்மைதானே?" அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "உண்மை. அவர் மறுத்துவிட்டார்" என்றான். வழக்கறிஞர் தன் தாள்களைப் புரட்டினார். அதற்கு அடுத்த கேள்வி அவரிடம் எழுதி வைத்திருக்கவில்லை.

வெளியே வந்து எதிர்ச் சாரியில் டீ குடித்தோம். அவர்கள் இருவரும் ரயில் எத்தனை மணிக்கு என்பதைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. நான் பர்ஸை எடுப்பதற்குள் மூன்று டீக்கும் அவள் காசு கொடுத்துவிட்டாள். கடைக்காரர் தந்த சில்லறையை எண்ணிப் பார்த்தாள், இரண்டு ரூபாய் குறைந்தது. கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.